தன்பொருளெதிரிகளும் ஊவாத் தோட்டங்களும்: நோய்நிர்ணய வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனிதரின் நோய்கள் பழமையானவை. அவற்றுக்கு இன்று வழங்கும் பெயர்கள் புதியன. ஒரு நோய்க்குப் பெயர் இடப்படும் நாளுக்கும், அப்பெயர் அதனால் வருந்தும் ஒருவரைச் சென்றடையும் நாளுக்கும் இடையே நீண்ட காலம் கழிவதுண்டு. அவ்விடைவெளியை மருத்துவ அறிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலவுடைமை, சட்டம், மொழி, கூலி, பாதை ஆகியனவும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. ஆதலால் நோய்நிர்ணயத்தின் வரலாறு மருத்துவ பீடத்தாரோடு வரலாற்று மாணவருக்கும் உரியதாகின்றது. தொடுப்பிழைய நோய்கள் எனப்படும் ஒரு நோய்க்கூட்டத்தையும், பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களையும் அருகருகே வைத்து இவ்வுண்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் பற்றிய ஒரு குறிப்பு

நம் உடலுட் புகும் கிருமி முதலிய அந்நியப் பொருள்களை எதிர்க்கும் புரதங்களை நமது பாடநூல்கள் பிறபொருளெதிரி என்று அழைக்கின்றன. பிற பொருளை எதிர்ப்பது என்பது இதன் பொருள். ஆனால் சிலரது குருதியில் இப்புரதங்கள் அவரவர் உடலின் சொந்தக் கலங்களையே எதிர்க்கின்றன. அப்போது அவற்றைப் பிறபொருளெதிரி என அழைத்தல் முரணாகின்றது. எனவே இக்கட்டுரையில் அவை தன்பொருளெதிரி என்று வழங்கப்படும்.

இம்முரண் சொல்லில் மட்டும் தோன்றியதன்று. 1901ஆம் ஆண்டளவில் ஜெர்மனிய அறிஞர் போல் ஏர்லிக், உடல் தன்னைத் தானே தாக்குவதை அஞ்சி விலக்குகின்றது என்னும் கொள்கையை வகுத்தார். 1904இல் டொனாத், லான்ட்ஸ்ரைனர் ஆகிய இருவரும், குளிர்பட்டவுடன் தன் செங்குழியங்களையே அழிக்கும் ஒருவகை எதிரியைச் சில நோயாளரின் குருதியிற் கண்டு காட்டினர். எனினும் ஏர்லிக்கின் செல்வாக்கினால் அக்கண்டுபிடிப்பு அரை நூற்றாண்டு காலம் ஒரு விதிவிலக்காகவே கருதப்பட்டது. கண்முன் நிற்கும் சான்றைக் கூட ஏற்றுக்கொண்ட கொள்கை மறைத்துவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

தோலிலிருந்து உள்ளுறுப்புகளுக்கு

லூப்பஸ் என இன்று பரவலாக அறியப்படும் நோய் முதலில் தோல் நோயாகவே கருதப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் கசெனாவ் 1851இல் அதற்குப் பெயரிட்டார். வியன்னாவின் கப்போசி 1872இல் அது காய்ச்சல், மூட்டுவலி ஆகியவற்றுடன் உடல் முழுவதையும் பீடிக்கக்கூடியது எனக் கூறினார். 1895 முதல் வில்லியம் ஒஸ்லர் இதயம், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளின் பாதிப்பை விரித்தெழுதினார். இதற்கு முன்னரே, 1862இல், குளிரில் விரல்கள் வெளிறிப் பின் நீலமாகிச் சிவக்கும் நிலையை பாரிசில் மோரிஸ் ரேனோ தமது ஆய்வேட்டில் விவரித்திருந்தார். கண்ணும் வாயும் வரண்டு மூட்டுகள் நோகும் நிலையை 1933இல் சுவீடனின் ஹென்ரிக் சோக்றன் ஆராய்ந்தார்.

தனித்தனியே கிடந்த இத்துண்டுகளை ஒன்றாகக் கோத்தவர் நியூயோர்க் நகரின் போல் கிளெம்பரர். லூப்பஸ், தோல் தடித்து இறுகும் நோய் முதலியவை யாவும் உறுப்புகளை இணைத்துத் தாங்கும் இழையத்தின் நோய்களே என அவரும் அவரது துணைவரும் 1942இல் எழுதினர். தொடுப்பிழைய நோய்கள் என்னும் கூட்டுப் பெயர் இவ்வாறு வேரூன்றியது. ஆனால் உயிரோடிருக்கும் நோயாளியிடம் அந்நோயை எவ்வாறு உறுதிப்படுத்துவது என்னும் வினாவிற்கு அப்போது விடை இருக்கவில்லை.

1948

அவ்விடையின் முதற் பகுதி 1948இல் கிடைத்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸ் என்பவர், லூப்பஸ் நோயாளரின் என்பு மச்சையில், பிறிதொரு கலத்தின் கருவை விழுங்கி வீங்கிய வெண்குழியங்களை நுணுக்குக்காட்டியிற் கண்டார். அடுத்த ஆண்டிலேயே, இவ்விளைவை உண்டாக்கும் காரணி நோயாளரின் குருதித் திரவத்தில் உள்ளது என ஹசெரிக் காட்டினார். அதே 1948இல், அதே மேயோவில், பிலிப் ஹெஞ்ச் என்பவர் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கோட்டிசோன் மருந்தை முதன்முதலாகச் செலுத்தினார். இதற்காக 1950இல் அவரும் வேறிருவரும் நோபல் பரிசு பெற்றனர். நோயை இனங்காணும் வழியும் தணிக்கும் மருந்தும் ஒரே ஆண்டில், ஒரே கூரையின் கீழ்த் தோன்றின.

ஊவாத் தோட்டங்களின் வரலாற்றிலும் 1948 மறக்கவியலாத ஆண்டாகும். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால், தலைமுறைகளாக இம்மலைகளில் உழைத்துவந்த தமிழ்த் தொழிலாளருட் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். குருதியிலே தன்னது எது, பிறிது எது என ஆய்வுகூடங்கள் வினவத் தொடங்கிய காலத்தில், தன்னவர் யார், பிறர் யார் என இந்நாட்டின் சட்டமும் வினவியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரண காரியத் தொடர்பு எதுவுமில்லை. ஆனால் முதலாவதின் பயன் இம்மக்களைச் சென்றடைவதற்கு இரண்டாவது நெடுங்காலத் தடையாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒளிரும் கருக்கள்

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அல்பேர்ட் கூன்ஸ் 1941இல் பிறபொருளெதிரியுடன் ஒளிரும் சாயத்தை இணைக்கும் முறையைக் கண்டார். 1957இல் ஜோர்ஜ் பிரையூ இம்முறையை லூப்பஸ் நோய்க்குப் பயன்படுத்தினார். கலங்கள் படிந்த கண்ணாடித் தட்டின் மீது நோயாளியின் நீர்ப்பாயத்தை இட்டுக் கழுவிச் சாயமேற்றினால், தன்பொருளெதிரி இருப்பின் கலத்தின் கரு இருளிலே பச்சையாக ஒளிரும். அவ்வொளி கரு முழுவதும் சீராகப் பரந்திருக்கலாம்; புள்ளி புள்ளியாகவும் இருக்கலாம். ஒளிரும் கோலத்திலிருந்தே எதிரியின் வகையை ஓரளவு ஊகிக்க முடிந்தது. அதே 1957இல், பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏ மூலக்கூறையே எதிர்க்கும் எதிரிகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் தனித்தனியே கண்டனர்.

1966இல் ராண், குங்கெல் ஆகியோர் லூப்பஸ் நோய்க்கே சிறப்பாக உரிய எஸ்எம் எதிரியைக் கண்டனர். 1969இல் ரோ எதிரி அறியப்பட்டது. பின்னர் லா, ஜோ-1 ஆகியன வந்தன. இச்சிறு சொற்கள், எவருடைய குருதியில் அவை முதலிற் காணப்பட்டனவோ அந்நோயாளரின் பெயர்களிலிருந்து எடுக்கப்பட்ட எழுத்துகள். மருத்துவ நூல்களில் பெரும்பாலும் மருத்துவரின் பெயரே நிலைக்கும். இங்கோ நோயாளர் தம் பெயரின் ஓரிரு எழுத்துகளையேனும் விட்டுச் சென்றுள்ளனர்.

அந்நோயாளர் தந்தது எழுத்து மட்டுமன்று. 1979இல் யேல் பல்கலைக்கழகத்தின் லேர்னர், ஜோன் ஸ்ரைற்ஸ் ஆகிய இருவரும் லூப்பஸ் நோயாளரின் நீர்ப்பாயத்தையே கருவியாகக் கொண்டு, கருவினுள் இருக்கும் சிறு ஆர்என்ஏ புரதத் துகள்களைப் பிரித்தெடுத்தனர். பரம்பரைச் செய்தி வெட்டி ஒட்டப்படும் செயன்முறையை உலகம் விளங்கிக்கொள்ள அது வழிதிறந்தது. நோயாளியின் குருதி அறிவியலுக்கு அளித்த கொடை இதுவாகும்.

எல்லைகள் கலந்த நோய்

எதிரிகளை வகைப்படுத்த வகைப்படுத்த, நோய்களும் அவ்வாறே தெளிவாகப் பிரியும் என அறிஞர் எதிர்பார்த்தனர். நிகழ்ந்தது வேறு. ஒரே நோயாளியிடம் லூப்பஸின் மூட்டுவலியும், இறுகும் தோலின் விரல் வீக்கமும், தசையழற்சியின் தளர்ச்சியும் சேர்ந்து காணப்பட்டன. 1972இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் ஷார்ப், இத்தகைய 25 நோயாளரை விவரித்து, அவர்கள் யாவரிடமும் ஆர்என்பி எனப்படும் கருப்புரதத்துக்கு எதிரான எதிரி மிகுதியாக இருப்பதாகக் கூறி, அதற்குக் கலப்புத் தொடுப்பிழைய நோய் எனப் பெயரிட்டார். இந்நோயிற் சிறுநீரகம் அரிதாகவே பழுதுறும் எனவும், சிறிதளவு மருந்துக்கே அது பணியும் எனவும் அவர் கருதினார்.

1980இல் அதே 25 நோயாளரின் பிற்கால நிலை மீளாய்வு செய்யப்பட்டபோது அந்நம்பிக்கை தளர்ந்தது. பலரிடம் மூட்டழற்சி தணிந்திருந்தது. ஆனால் தோல் இறுகும் நோயின் இயல்புகள் நிலைத்திருந்தன. சுவாசப்பைக் குருதிக்குழாய்களில் அழுத்தம் உயர்வதே இந்நோயாளரின் உயிருக்குப் பெரும் ஆபத்து என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதே ஆண்டில் லெரோய் என்பவரும் அவரது துணைவரும், எந்தப் பெயருக்கும் முழுமையாக அடங்காத தொடக்க நிலைகளை வகைபிரியாத் தொடுப்பிழைய நோய் என அழைக்கலாம் என்றனர். கலப்பு நோய் ஒரு தனி நோயா, வேறொரு நோயை நோக்கிச் செல்லும் பாதையா என்னும் விவாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை.

இவ்விவாதத்திலிருந்து வரலாற்று மாணவர் பெறும் பாடம் ஒன்றுண்டு. இந்நோய்கள் ஒரு நாளிற் காணப்படும் பொருள்களல்ல. ஆண்டுக்கணக்கில் நிகழும் நிகழ்ச்சிகள். அமெரிக்கப் படையினரிடமிருந்து முன்னரே பெற்றுச் சேமித்த நீர்ப்பாயத்தை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு இதனை நன்கு காட்டியது. பின்னாளில் லூப்பஸ் நோய்க்கு ஆளான 130 பேரில் 115 பேரிடம், நோய்நிர்ணயத்துக்கு முன்பே ஏதாவதொரு தன்பொருளெதிரி இருந்தது. மிக முந்தியது 9.4 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகும். எனவே நோயாளியைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு மருத்துவரும், பழைய பதிவுகளைப் பேணும் ஒரு நிறுவனமும் இன்றி இந்நோய்களின் நிர்ணயம் முழுமை பெறாது. ஊவாத் தோட்டங்களின் மருத்துவ வரலாற்றை இவ்வளவுகோல் கொண்டு அளந்து பார்த்தல் வேண்டும்.

ஊவாவில் மருத்துவம்

ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று. அதற்கு முன்னரே பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதிகளிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்திருந்தன. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவியது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பத்தனைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதம் 1924இல் பதுளையை அடைந்தது. தேயிலைப் பெட்டி கொழும்புக்குச் செல்ல வழி பிறந்தது. அதே வழியிற் செல்ல நோயாளிக்கு விடுப்பும் செலவும் வேண்டியிருந்தன.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரிடையே மரணம் மிகுந்திருந்தமை குடியேற்ற ஆட்சியைச் சட்டமியற்றத் தூண்டியது. 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. 1880இல் அது திருத்தப்பட்டு, மாவட்ட மருத்துவ ஏற்பாடுகள் அரசின் பொறுப்பாயின. 1912இல் மேலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916இல் றொக்பெலர் நிறுவனம் மாத்தளையிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கித் தோட்டங்களுக்கு விரித்தது. இவை யாவும் பயன்தந்த முயற்சிகளே, மறுப்பதற்கில்லை. ஆனால் இவற்றின் நோக்கைக் கவனித்தல் வேண்டும். தொற்றைத் தடுத்தல், தொழிலாளரை வேலைக்குத் தகுதியுடையோராக வைத்திருத்தல் என்பனவே அந்நோக்கமாகும். தோட்டம் தோட்டமாக மருந்து வழங்கப்பட்டது. ஒரு தனி மனிதரின் உடலில் ஆண்டுக்கணக்காக நிகழும் மாற்றத்தைப் பின்தொடர்வதற்கு அவ்வமைப்பில் இடமிருக்கவில்லை.

தோட்டத்து மருந்தகமும் அதனை நடத்திய மருத்துவ உதவியாளருமே தொழிலாளர் அறிந்த மருத்துவமாயின. அங்கே காயத்துக்குக் கட்டும், காய்ச்சலுக்கு மருந்தும் கிடைத்தன; மகப்பேறும் பார்க்கப்பட்டது. 1951 முதல் நாட்டின் பிற பகுதியினர் கட்டணமின்றிப் பெற்ற அரச மருத்துவத்தினின்று தோட்டங்கள் பெரிதும் விலகியே நின்றன. பிரசாவுரிமை இல்லாதோர் வாக்குரிமையும் இழந்திருந்தமையால், வைத்தியசாலை கேட்டு வாதாடவும் அவர்களுக்கு வலிமை இருக்கவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இறுதித் தீர்வை நோக்கி வழிவகுத்தது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் கணக்கேடுகள் கவனமாக மாறின. நோய்க்குறிப்புகளுக்கு அத்தகைய காவல் இருக்கவில்லை.

மறைக்கும் பெயர்கள்

லூப்பஸ் நோயாளருட் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களுட் பெரும்பாலோர் மகப்பேற்று வயதினர். தோட்டங்களிற் கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையோரும் அத்தகைய பெண்களே. இந்நோயின் தொடக்கக் குறிகள் களைப்பு, மூட்டுவலி, குருதிச்சோகை, காய்ச்சல் என்பன. கூடை சுமந்து மலைச்சரிவில் நிற்கும் பெண்ணொருத்தியிடம் இவை ஒவ்வொன்றுக்கும் முன்னரே ஒரு விளக்கம் தயாராயிருக்கின்றது. களைப்பு உழைப்பினால் வந்தது, மூட்டுவலி வாதம், சோகைக்குப் புழுவும் உணவுக் குறைவும் காரணம், நெஞ்சு நோவுடன் காய்ச்சல் நீடித்தால் சயரோகம். அப்புத்தளையின் குளிர்ந்த காலைகளில் விரல் வெளிறுவதும் குளிரின் இயல்பாகவே கொள்ளப்படும். இவ்விளக்கங்கள் பெரும்பாலும் உண்மையானவை. அதனாலேயே அவை ஆபத்தானவையுமாகும். நூறு பேருக்குப் பொருந்தும் உண்மை, பொருந்தாத ஒருவரை மறைத்துவிடுகின்றது.

தோலின் நிறமும் ஒரு திரையாகும். மூக்கின் இருபுறமும் வண்ணத்துப்பூச்சி வடிவிற் படரும் செம்மை என நூல்கள் எழுதின. அது வெண்ணிறத் தோலைக் கண்டு எழுதிய வாக்கியம். கருநிறத் தோலில் அப்படர்ச்சி செம்மையாகத் தோன்றாது மேலும் கருமையாகவே தோன்றக்கூடும். வெயிலிற் கறுத்தது என அதனைக் கடந்து செல்லுதல் எளிது; வெயில் உண்மையிலேயே இந்நோயைத் தூண்டும் என்பது இதிலுள்ள கொடுமை.

குடும்பத்தில் எவருக்கேனும் இத்தகைய நோய் உண்டா என மருத்துவர் வினவுவார். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தாய் ஒரு கரையிலும் மகள் மறுகரையிலுமாகப் பிரிந்த குடும்பங்களில், அவ்வினாவிற்கு விடை சொல்லக்கூடியவர் கடலுக்கு அப்பால் இருந்தார்.

இவற்றோடு கூலியின் கணக்கும் சேர்கின்றது. தோட்ட வழக்கிற் பேர் என்றால் ஒரு நாட்கூலிக்கான பதிவாகும். பிரட்டுக்கு வராதவருக்குப் பேர் இல்லை. பறித்தது குறைந்தால் அரைப்பேர். இந்நோயை நிர்ணயிக்கப் பல நாட்கள், பல கிளினிக்குகள் வேண்டும். சிறப்புப் பரிசோதனைகளின் தலைமையிடமாக வளர்ந்தது, 1900இல் நுண்ணுயிர் ஆய்வகமாகத் தொடங்கிய கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமாகும். பதுளையிலிருந்து புகையிரதப் பாதையில் அத்தலைநகர் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். நோய்க்குப் பெயர் காணப் புறப்படும் பெண், தன் பேரை இழந்தே புறப்பட வேண்டியவளாகின்றாள். அவள் சென்றடையும் இடத்தில் வினாவும் விடையும் வேறு மொழியில் நிகழுமாயின், விரல் வெளிறுவதையும் உணவு நெஞ்சிற் சிக்குவதையும் அவள் எவ்வாறு உணர்த்துவாள்? இந்நோய்களில் நோயாளி கூறும் வரலாறே முதற் சான்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சோதனையின் எல்லை

அவ்வாறாயின் எல்லோருக்கும் தன்பொருளெதிரிச் சோதனை செய்தால் போதுமா எனின், போதாது. 1997இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வின்படி, நலமுள்ளோரின் நீர்ப்பாயத்தை 160 மடங்கு ஐதாக்கிய பின்னும் 5 சதவீதமானோரிடம் கரு ஒளிர்ந்தது; 40 மடங்கில் இது 31.7 சதவீதம். சயரோகம், தொழுநோய் போன்ற நீடித்த தொற்றுகளிலும் இவ்வெதிரிகள் தோன்றுவதுண்டு. 2019இல் ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்கள் இணைந்து வகுத்த லூப்பஸ் விதிகளும், 80 மடங்கில் ஒளிர்வதை வாயிலாக மட்டுமே கொண்டு, வாயிலைக் கடந்தபின் மூட்டு, தோல், சிறுநீரகம், குருதி முதலிய குறிகளையே எடைபோடுகின்றன. குருதியின் சாட்சியம் நோயாளியின் சாட்சியத்தோடு சேர்ந்தே பொருள்படும்.

ஆகவே முதற்படி விலையுயர்ந்த கருவியன்று. சிறுநீரிற் புரதம் உண்டா எனப் பார்த்தல், குருதிக் கலங்களை எண்ணுதல், விரல்களையும் நகத்தடியையும் உற்றுநோக்குதல், புழுமருந்தும் இரும்புச்சத்தும் கொடுத்த பின்னும் மாறாத சோகையை மேல் வைத்தியசாலைக்கு அனுப்புதல் ஆகியவை சிறு மருந்தகத்திலும் இயலும். கருவுற்ற பெண்கள் விடயத்தில் இக்கவனம் இருமடங்கு வேண்டும். தாயின் ரோ எதிரி சிசுவின் இதயத் துடிப்பைத் தடைப்படுத்தக்கூடும் என்பது 1980களின் தொடக்கத்திலேயே அறியப்பட்டது.

மருந்தும் இம்மலைகளுக்கு முற்றிலும் அந்நியமன்று. கொயினாவுக்காகச் சின்கோனா மரம் வளர்க்கவே 1861இல் ஹக்கலைத் தோட்டம் அமைக்கப்பட்டது. கோப்பி வீழ்ந்த காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிற் சின்கோனா பெருமளவிற் பயிரிடப்பட்டது. மலேரியாவுக்குரிய அம்மருந்தின் வழித்தோன்றலாய் ஆய்வுகூடத்திற் பிறந்தனவே பிற்கால மலேரியா மருந்துகள். அவற்றுள் ஒன்று லூப்பஸையும் தணிக்கும் என லண்டன் மருத்துவர் பேஜ் 1951இல் எழுதினார். அவ்வினத்தைச் சேர்ந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் இன்று இந்நோயின் அடிப்படை மருந்தாகும். சின்கோனாப் பட்டையை உரித்த தொழிலாளரின் வழிவந்தோருக்கு அம்மருந்து காலத்தோடு கிடைத்தல் நியாயமன்றோ?

முடிவுரை

தொடுப்பிழைய நோய்களின் வரலாறு, பெயர்கள் மாறி மாறித் திருத்தப்பட்ட வரலாறாகும். தோல் நோய் உடல் நோயாயிற்று. தனி நோய் கலப்பு நோயாயிற்று. கலப்பும் மீண்டும் வினாவுக்குள்ளாயிற்று. ஒவ்வொரு திருத்தமும் எங்கோ ஒரு மருத்துவமனை தன் நோயாளரை ஆண்டுகள் கழித்தும் தேடிச்சென்று பார்த்ததனால் விளைந்தது. ஷார்ப் கண்ட 25 பேரின் பின்வரலாறு எழுதப்பட்டது. ஊவாவின் லயங்களில், வாதம் எனவும் சோகை எனவும் சொல்லப்பட்டு மறைந்த பெண்களுக்கு அத்தகைய பின்வரலாறு எழுதப்படவில்லை. பெருந்தோட்டத் துறை மக்களுக்குத் தமிழிற் பேசும் மருத்துவ சேவை, கூலியிழப்பின்றிக் கிளினிக் செல்லும் உரிமை, நோயாளியோடு வாழ்நாள் முழுதும் தொடரும் மருத்துவப் பதிவேடு ஆகிய மூன்றும் அமையுமாயின் அப்பின்வரலாறு எழுதப்படத் தொடங்கும். கொழுந்தின் எடையை இறாத்தலிலும் பின்னர்க் கிலோவிலும் நாள்தோறும் பிழையின்றி எழுதி வந்த தோட்டங்களுக்கு, அதைப் பறித்த கையின் நிலையை எழுதி வைப்பது இயலாத காரியமன்று.